வாயில், காவலர், குரல்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் இயேசு ஓர் ஆட்டுக்கொட்டிலை நம் கண்முன் நிறுத்துகிறார். அந்தக் கொட்டிலுக்கு ஒரு வாயில் இருக்கிறது. வாயிலில் காவலர் ஒருவர் இருக்கிறார். ஆயரின் குரல் இருக்கிறது. அந்தக் குரலை ஆடுகள் அறிந்திருக்கின்றன. திருடன் வாயில் வழியாக வருவதில்லை, வேறு வழியாக ஏறிக் குதிக்கிறான். அந்நியனின் குரல் கேட்டால் ஆடுகள் அவன் பின்னே போவதில்லை என்கிறார் ஆண்டவர். வாயில், காவலர், குரல் என்ற இந்த மூன்றையும் இன்று நம் வீட்டுக் கணினியோடு சேர்த்துச் சிந்திப்போம்.

"மறையுரையில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "ஃபாதர், பையன் படிப்புக்கு லேப்டாப் வாங்கியிருக்கோம். எந்த ஆன்டிவைரஸ் போடலாம்? கடையில ஒண்ணு எடுத்துக் காட்டுறாங்க. காசு குடுத்து வாங்கித்தான் ஆகணுமா?" கேட்பவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். மாதத் தவணையில் லேப்டாப் வாங்கியவர்கள். அந்தச் சிறிய பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணம் இருக்கும் வங்கிக் கணக்குக்கு அது வாசல். பிள்ளையின் சான்றிதழ்கள் அதில் இருக்கின்றன. இறந்துபோன அம்மாவின் புகைப்படங்கள் அதில்தான் இருக்கின்றன. வெளிநாட்டில் உழைக்கும் கணவரின் முகத்தை மாலையில் காட்டும் சன்னலும் அதுவே. கடவுள் நம் கையில் ஒப்படைத்தவற்றைப் பொறுப்போடு காப்பதும் விசுவாச வாழ்வின் ஒரு பகுதிதான். அதனால் கேட்டவர்களுக்கு மட்டும் சொன்ன பதிலை இன்று எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

முதலாவது, வாயில்.

காவலரைத் தேடுவதற்கு முன் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கணினியில் கதவு என்பது விண்டோஸ் போன்ற அதன் இயங்குதளம். அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும்போது, அவற்றை அடைக்கும் திருத்தங்களை நிறுவனம் இலவசமாக அனுப்புகிறது. அதைத்தான் 'அப்டேட்' என்கிறோம். "இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்று நாம் தள்ளிப்போடுவதும் அதைத்தான்.

2017ஆம் ஆண்டு மே மாதம் 'வான்னாக்ரை' என்ற தீய நிரல் உலகமெங்கும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று மிரட்டியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளின் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அந்த நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதங்களாகப் பூட்டு கையில் இருந்தது. பூட்டத்தான் ஆள் இல்லை. திருடன் வரும் நேரம் தெரிந்திருந்தால் வீட்டு உரிமையாளர் விழித்திருப்பார் என்று ஆண்டவர் சொன்னது நினைவுக்கு வருகிறது.

ஆகவே உங்கள் கணினி எந்த விண்டோஸில் ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. உங்கள் கணினி ஏற்குமானால் விண்டோஸ் 11க்கு மாறிவிடுங்கள். கதவே உளுத்துப்போன வீட்டுக்கு விலையுயர்ந்த காவலரை வைப்பதில் பயன் இல்லை.

கசப்பான ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். "ஒரிஜினல் வாங்கினா காசு. நான் கிராக் போட்டுத் தர்றேன்" என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. சில வீடுகளில் ஆன்டிவைரஸ் மென்பொருளையே இப்படித் திருட்டுத்தனமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்! களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளை கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கும் பொருந்தும். ஒருவர் உழைத்து உருவாக்கியதை விலை கொடுக்காமல் எடுப்பது களவு. இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இப்படிப்பட்ட கிராக் நிரல்கள் பலவும், "முதலில் உங்கள் ஆன்டிவைரஸை நிறுத்தி வையுங்கள்" என்றுதான் கேட்கின்றன. காவலரை வெளியே அனுப்பிவிட்டு வா என்று கூப்பிடுகிறவன் எதற்குக் கூப்பிடுகிறான் என்று நாம் யோசிக்க வேண்டாமா?

இரண்டாவது, காவலர்.

ஆன்டிவைரஸ் என்பது வாயிலில் நிற்கும் காவலர். ஏற்கெனவே பிடிபட்ட திருடர்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. புது முகமாக இருந்தால் நடத்தையைக் கவனிக்கிறது. ஒரு நிரல் திடீரென்று உங்கள் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கினால், தடுக்கப் பார்க்கிறது. புதிய திருடர்கள் நாள்தோறும் வருவதால் அந்தப் பட்டியலும் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். காலாவதியான ஆன்டிவைரஸ் தூங்கும் காவலர். "போட்டிருக்கோமே" என்ற நிம்மதியை மட்டும் தருவார்.

"சரி ஃபாதர், எதை வாங்குவது?" என்றால், பலருக்கு என் பதில்: வாங்கும் முன், இருப்பதைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 கணினிகளில் 'டிஃபெண்டர்' என்ற காவலர் கட்டணமின்றி ஏற்கெனவே இருக்கிறார். 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பச்சைக் குறிகள் இருந்தால் அவர் விழித்திருக்கிறார் என்று பொருள். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட் என்ற ஆய்வுக்கூடமும், ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரில் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் என்ற அமைப்பும் இந்த மென்பொருள்களைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் மூன்று காரியங்களைப் பார்க்கிறது: எவ்வளவு நன்றாகக் காக்கிறது, கணினியை எவ்வளவு மெதுவாக்குகிறது, நல்லவரைத் திருடன் என்று எத்தனை முறை தவறாகப் பிடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆறு மதிப்பெண், மொத்தம் பதினெட்டு. அந்தச் சோதனைகளில் டிஃபெண்டரும் அண்மை ஆண்டுகளில் உயர்ந்த மதிப்பெண்களைப் பெற்று வந்திருக்கிறது. ஒரு கணினி, மின்னஞ்சல், பிள்ளையின் படிப்பு, வங்கிக் கணக்கு என்ற அளவில் இருக்கும் வீட்டுக்கு, புதுப்பிக்கப்பட்ட விண்டோஸும் அதன் சொந்தக் காவலரும் பெரும்பாலும் போதும்.

பணம் கொடுத்து வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. வீட்டில் நான்கைந்து கணினிகள் இருக்கலாம். சிறு பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கட்டுப்படுத்தும் வசதி வேண்டியிருக்கலாம். சிக்கல் வந்தால் கேட்க ஓர் இடம் வேண்டும் என்று நினைக்கலாம். அப்போது வாங்குங்கள். புனேயின் குயிக் ஹீல், நம் சென்னையின் கே7 போன்ற நம் நாட்டு நிறுவனங்களும் உண்டு, வெளிநாட்டு நிறுவனங்களும் உண்டு. ஆனால் சிலவற்றைக் கவனியுங்கள். நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ தெரிந்த கடையிலோ மட்டும் வாங்குங்கள். முதல் ஆண்டு விலையை மட்டும் பார்க்காதீர்கள். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் விலை எவ்வளவு, அது தானாகவே உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படுமா என்று கேளுங்கள். 'டோட்டல்', 'அல்டிமேட்' என்று பெயர் நீளும்போது விலையும் நீளும். அதில் உள்ள பத்து வசதிகளில் உங்களுக்கு வேண்டியவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் போடாதீர்கள். இருவரும் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டு வீட்டு வேலையைக் கெடுப்பார்கள்.

இலவசமாகக் கிடைப்பதையும் யோசித்தே எடுக்க வேண்டும். அவாஸ்ட் என்பது உலகறிந்த ஆன்டிவைரஸ். அதன் பயனாளர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்கள், அதன் துணை நிறுவனம் ஒன்றின் வழியாக மற்றவர்களுக்கு விற்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு அமெரிக்காவின் வணிக ஆணையம் இதற்காக அந்நிறுவனம் ஒரு கோடியே 65 இலட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்றது. விளம்பரத்துக்காக இப்படிப்பட்ட விவரங்களை விற்கவும் தடை விதித்தது. அந்தத் துணை நிறுவனம் 2020இலேயே மூடப்பட்டுவிட்டது. பாடம் மட்டும் நமக்கு இருக்கிறது. காவலருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்பது முன்மதி. பாம்பின் முன்மதியும் புறாவின் கபடின்மையும் சேர்ந்தே இருக்கட்டும் என்றுதானே ஆண்டவர் தம் சீடர்களை அனுப்பினார்?

காவலரோடு இன்னொன்றும் வேண்டும். பத்துக் கன்னியரில் ஐந்து பேர் விளக்கோடு தனியே எண்ணெயும் எடுத்துப் போனார்கள். உங்கள் புகைப்படங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் ஒரு பிரதியை வெளியே வைக்கும் ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, எடுத்ததும் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றாமல் விட்டால், கணினியைப் பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டுவான். மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிற வீட்டை, "பணம் கொடுத்தால்தான் திறப்பேன்" என்று மிரட்டுவது கடினம்.

மூன்றாவது, குரல். இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

2000ஆம் ஆண்டு மே மாதம், நம்மைப் போலவே கத்தோலிக்க மக்கள் நிறைந்த பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றி வந்தது. "நான் உன்னை நேசிக்கிறேன்" என்பதே அதன் தலைப்பு. உள்ளே காதல் கடிதம் என்று சொல்லி ஒரு கோப்பு. அது தெரிந்தவரின் முகவரியிலிருந்தே வந்தது, ஏனென்றால் ஒருவர் திறந்ததும் அவருடைய முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அவர் பெயரிலேயே போய்ச் சேர்ந்தது. இலட்சக்கணக்கான கணினிகள் கெட்டன. அத்தனை பேரும் பூட்டு உடைக்கப்பட்டு ஏமாறவில்லை. அன்பு என்ற சொல்லைக் கேட்டுத் தாங்களாகவே கதவைத் திறந்தார்கள்.

இன்று அந்தக் குரல் பெரும்பாலும் அச்சத்தின் குரலாக வருகிறது. நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று அவரே அனுமதி தந்ததால் சொல்கிறேன். மனைவியை இழந்தவர். தனியாக இருந்தார். பணம் கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் அவருடைய கணினியில் இருந்தது, காலாவதியாகவும் இல்லை. ஒரு நாள் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவந்தது, அபாய ஒலி எழுந்தது. "உங்கள் கணினியில் வைரஸ் நுழைந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று ஒரு தொலைபேசி எண். அழைத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். "பயப்படாதீங்க சார், நாங்க சரி பண்ணித் தர்றோம்" என்றார்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ஒரு செயலியைப் போடச் சொன்னார்கள். போட்டார். வங்கிக் கணக்கும் பாதிக்கப்பட்டிருக்கலாம், திறந்து பாருங்கள் என்றார்கள். திறந்தார். ஓடிபி கேட்டார்கள். சொன்னார். ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய் போனது.

அவருடைய ஆன்டிவைரஸ் ஏன் தடுக்கவில்லை? தடுப்பதற்கு அங்கே வைரஸே இல்லை, அன்பர்களே. அந்தச் சிவப்புத் திரை வெறும் ஓர் இணையப் பக்கம். அவர் போட்ட செயலியும் பல அலுவலகங்களில் நல்ல காரியத்துக்குப் பயன்படுவதுதான். வீட்டு உரிமையாளரே கையைப் பிடித்து உள்ளே அழைத்து வரும் விருந்தாளியைக் காவலர் எப்படித் தடுப்பார்?

பணம் போனதைவிட எனக்கு வலித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். மூன்று வாரம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "பையன் ஏற்கெனவே சொல்லுவான் ஃபாதர், 'அப்பா, உங்களுக்கு எதுக்கு இந்த கம்ப்யூட்டர் எல்லாம்'னு. இதைச் சொன்னா என்ன நினைப்பான்?" என்றார். நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர், தன் பிள்ளைக்கு முன் முட்டாளாக நிற்க வெட்கப்பட்டார். அந்த மூன்று வாரத்தில், திரும்பக் கிடைத்திருக்கக்கூடிய பணமும் கைமாறிக் கைமாறிப் போய்விட்டது.

புனித இஞ்ஞாசியார் முதலில் போர்வீரராக இருந்தவர். 1521ஆம் ஆண்டு பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கியவர். அவர் எழுதிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் தீய ஆவியின் தந்திரத்தை விளக்கச் சில உவமைகள் சொல்கிறார். அவற்றில் இரண்டு நமக்கு வேண்டியவை. ஒன்று, கோட்டையைப் பிடிக்க வரும் படைத்தலைவன். அவன் சுற்றிச் சுற்றி வந்து, சுவர் எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே தாக்குவான். மற்றொன்று, பெண்ணை ஏமாற்ற வரும் வஞ்சகன். தான் சொன்னதை அவள் தன் தந்தையிடமோ கணவரிடமோ சொல்லிவிடக் கூடாது என்பதே அவனுடைய முதல் கவலை. சொல்லிவிட்டால் அவன் திட்டம் அத்துடன் முடிந்தது. அதுபோல, தீய ஆவியின் தூண்டுதலை நல்ல ஆன்ம குருவிடம் வெளியே சொன்ன கணமே அது வலுவிழக்கிறது என்கிறார் புனிதர்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் சொன்னது இன்றைய திருடனுக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்! அவன் தேடும் பலவீனமான சுவர் பெரும்பாலும் கணினியில் இல்லை. தனிமையில் இருக்கும் முதியவரிடம் இருக்கிறது, வேலை தேடும் இளைஞரிடம் இருக்கிறது, அவசரத்தில் இருக்கும் தாயிடம் இருக்கிறது. "உடனே செய்யுங்கள், லைனைத் துண்டிக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பதே அவனுடைய மந்திரம். இந்த மூன்றையும் ஒருவர் சேர்த்துச் சொன்னால், அது ஆயரின் குரல் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆயர் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பவர், அச்சம் நீக்குபவர். நம்மை மற்றவர்களிடமிருந்து பிரித்துத் தனியே இழுத்துப் போகிறவர் அல்லர்.

ஆகவே இதை நினைவில் வையுங்கள். உண்மையான மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. சிவப்புத் திரை வந்தால் எந்த எண்ணையும் அழைக்க வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம். ஆல்ட் விசையோடு எஃப்4 விசையை அழுத்தி மூடுங்கள். மூட முடியவில்லையா? பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்துக் கணினியையே அணைத்துவிடுங்கள். "உங்கள் ஆன்டிவைரஸ் புதுப்பிக்கப்பட்டது, இத்தனை ஆயிரம் ரூபாய் எடுக்கப்படும், வேண்டாமென்றால் அழையுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தாலும் அதில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். காவலரின் சீருடையைப் போட்டுக்கொண்டு வரும் திருடன் அவன். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பிள்ளைகளே, இளைஞர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் அப்பாவோ அம்மாவோ, பாட்டியோ தாத்தாவோ இப்படி ஏமாந்துவிட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விதான் அடுத்த முறை அவர்கள் வாயை அடைக்கிறது. வாயை அடைத்த வீட்டில் திருடனுக்கு நேரம் கிடைக்கிறது. ஊதாரி மகன் திரும்பி வந்தபோது தந்தை கணக்குக் கேட்கவில்லை, ஓடிப் போய்க் கட்டியணைத்தார். இன்று சில வீடுகளில் திரும்பி வரத் தயங்கி நிற்பது தந்தை. ஓட வேண்டியது மகன்.

கணினியின் மீது அன்பு கொண்ட ஓர் இளைஞர் இன்று நம் பீடங்களில் இருக்கிறார். கார்லோ அகுதிஸ் பதினைந்து வயதில், 2006ஆம் ஆண்டு, இரத்தப் புற்றுநோயால் இறந்தவர். தனக்குத் தெரிந்த கணினி அறிவைக் கொண்டு நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி உலகுக்குக் காட்டியவர். 2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். தெரிந்ததைத் தெரியாதவருக்குக் கொடுப்பதும் புனிதத்துக்கு ஒரு வழி என்பதை அவர் காட்டுகிறார்.

எனவே இந்த வாரத்துக்கு ஒரு சிறிய பணி தருகிறேன். ஒவ்வோர் அன்பியத்திலும் கணினி தெரிந்த இளைஞர் ஒருவர், தெரியாத பெரியவர் ஒருவரின் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். விண்டோஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, காவலர் விழித்திருக்கிறாரா என்று பாருங்கள். தேவையில்லாமல் இரண்டாவது ஆன்டிவைரஸ் இருந்தால் கேட்டுவிட்டு நீக்குங்கள். புகைப்படங்களுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள். 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி மேசைமேல் ஒட்டுங்கள். அதற்குக் கீழே உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதி, "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, நான் கோபப்பட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத பாதுகாப்பு அது.

மன்றாடுவோம். நல்ல ஆயராம் இயேசுவே, எங்கள் இல்லங்களின் வாயில்களைக் காத்தருளும். உமது குரலை அந்நியரின் குரலிலிருந்து பிரித்தறியும் ஞானத்தைத் தாரும். ஏமாற்றப்பட்டு வெட்கத்தோடு மௌனமாய் இருப்பவர்களுக்கு, வாய் திறந்து சொல்லும் துணிவையும், அவர்களைத் தாங்கிக்கொள்ளும் அன்பான உறவுகளையும் கொடுத்தருளும். பிறரை ஏமாற்றி வாழ்வோரின் மனங்களையும் திருப்பியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.